செட்பேக்: 'பின்னடைவு' வேண்டாம், 'விடுவெளி' எனலாமா?

குழுவினர்க்கு வணக்கம்.

மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே கட்டாமல் விட வேண்டிய இடத்தை ஆங்கிலத்தில் 'செட்பேக்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஐயா, நேற்று நீங்கள் முன்வைத்த 'பின்னடைவு' என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தேர்தலில் தோற்றால் பின்னடைவு, நோயாளியின் உடல்நிலை சரிந்தால் பின்னடைவு. ஒரு வீட்டுக்காரரிடம் "பக்கவாட்டில் பத்தடி பின்னடைவு" என்றால், ஏதோ நட்டம் வந்துவிட்டது என்றுதான் அவர் நினைப்பார்.

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் வரிசை வீடுகளில் ஓர் அம்மா குசினியைப் பின்னால் நீட்டிக் கட்டத் தொடங்கினார். சில வாரங்களில் மலாய் மொழியில் ஒரு கடிதம் வந்தது. அதில் செட்பேக்கைக் குறிக்கும் 'அஞ்சாக்கான்' என்ற மலாய்ச் சொல் மூன்று இடத்தில் இருந்தது. அஞ்சாக் என்றால் நகர்த்துவது என்று அவருக்குத் தெரியும். "தம்பி, வீட்டையே நகர்த்தச் சொல்றாங்களா?" என்று நடுங்கிப்போய்க் கேட்டார். "இல்லம்மா, பின்னெல்லையிலிருந்து இத்தனை அடி விட்டுத்தான் கட்டணும்னு எழுதியிருக்காங்க" என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

'விட்டு.' நாம் தேடும் வேர் அதுதான். கொத்தனாரும் 'இடம் விட்டுக் கட்டு' என்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் 'மூணடி விட்டிருக்கலாமே' என்று சண்டை போடுகிறார். மக்கள் நாவில் வினை ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து ஒரு பெயரை வளர்த்தால் போதும். 'விடுவெளி' என் முன்மொழிவு. முன்விடுவெளி, பக்கவிடுவெளி, பின்விடுவெளி என்று எளிதாகக் கிளை விடும்.

அக்கா சொன்ன 'ஒதுக்கம்' அழகான சொல். ஆனால் சாலைக்கென அரசு எடுத்துவைக்கும் நிலத்தை 'ஒதுக்கீடு' என்று எழுதிப் பழகிவிட்டோம். நில வரைபடம் ஒன்றில் இரண்டும் அருகருகே வந்தால் படிப்பவர் தடுமாறுவார். சாலை ஒதுக்கீடு அரசின் நிலம். விடுவெளியோ உங்கள் சொந்த நிலம், அதில் கட்டடம் மட்டும் எழக்கூடாது. அந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொருவர் கேட்டிருந்தார்: விதியில் வருவது தூரமா, இடமா? நல்ல கேள்வி. எல்லைக்கும் சுவருக்கும் நடுவே அளப்பது தூரம், அங்கே கிடப்பது வெளி. அளவைக் குறிக்கும்போது 'விடுதொலைவு' என்று பிரித்துக்கொள்ளலாம். 'முன்விடுதொலைவு 20 அடி' என்று எழுதினால் குழப்பம் இல்லை. (வரிசை வீடுகளுக்கு முன்பக்கம் 20 அடி என்பது இங்கே பரவலாகக் காணும் கணக்கு, ஊருக்கு ஊர், மனைக்கு மனை மாறும்.)

இந்த வெளி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் சொல் உதவ வேண்டும். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைவிதிகளின்படி, வசிக்கும் அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் சன்னல் வேண்டும். காற்று வரத் திறக்கும் பகுதி அதே தரைப்பரப்பில் 5 விழுக்காடாவது இருக்க வேண்டும். எல்லை வரை சுவரை எழுப்பிவிட்டால் அந்தச் சன்னல் எங்கே திறக்கும்? ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுப்பதிலும் இந்த இடைவெளிக்குப் பங்குண்டு. 'வெளி' என்ற சொல் காற்றையும் வெளிச்சத்தையும் நினைவூட்டுகிறது. 'பின்னடைவு' எதையும் நினைவூட்டவில்லை.

மக்கள் நாவிலேயே சொல் பிறப்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு: பினாங்கில் கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையை என் அப்பா 'அஞ்சடி' என்றே சொல்வார். மலாயில் அது காக்கி லீமா, பொருளும் அதுவே. 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், கடைவீடுகளின் முன்னே தொடர்ச்சியான கூரையிட்ட நடைபாதை விடச் சொன்ன வழக்கம் அது. குழு போட்டா அந்தச் சொல்லை உருவாக்கினார்கள்? அளவே பெயராகிவிட்டது.

வரிசை வீட்டின் நடுவீட்டுக்குப் பக்கவிடுவெளி கிடையாது. இரண்டு பக்கமும் அண்டை வீட்டோடு பகிரும் சுவர்தான். அதற்குப் பழைய பத்திரங்களில் வரும் 'பொதுச்சுவர்' போதும் என்று நினைக்கிறேன், புதிதாக எதுவும் வேண்டாம். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அந்த அம்மாவுக்குத் தர வேண்டிய தமிழ் விளக்கத்தாளில் இந்தச் சொற்களைத்தான் எழுதப் போகிறேன்.