பதிவேட்டில் தொடங்கி ரயிலில் முடிந்தது: யூதர்களும் ரோமா மக்களும் சந்தித்த அரசாணைகள்

நாஜி இனப்படுகொலை என்றதும் நேராக அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் போய்விடுகிறோம். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகள் பெரும்பாலும் அரசு அலுவலகங்களில் நடந்தவை. ஒரு ஜெர்மன் யூதக் குடும்பம் எந்த ஆண்டு எந்தத் தாளை எதிர்கொண்டது என்று வரிசையாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

1933 ஏப்ரல் 7: அரசுப் பணிச் சட்டம். நான்கே நாளில் விளக்க விதி வந்தது: தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதர் என்றாலும் வேலை போகும். முதல் உலகப் போரில் முன்னணியில் நின்றவர்களுக்கு விலக்கு இருந்தது. அந்த விலக்கை நம்பிப் பலர் நாட்டிலேயே தங்கினார்கள். 1935 முடிவதற்குள் அதுவும் பறிபோனது. அந்த ஆண்டு நவம்பர் 14 ஆணைப்படி நால்வரில் மூவர் யூதராக இருந்தால் பேரன் யூதர். அவர் எதை வழிபட்டார் என்பதை யாரும் கேட்கவில்லை. பேரனின் ‘இனத்தை’த் தீர்மானித்தது தாத்தாவின் மதம். அதற்குச் சான்று தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு.

என்னைப் பொறுத்தவரை 1938தான் திருப்பம். ஏப்ரல் 26 ஆணைப்படி 5,000 ரைஷ்மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நவம்பர் 9-10 இரவுகளில் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்தன, சுமார் 30,000 ஆண்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பிறகு, தாக்கப்பட்டவர்கள் மீதே 100 கோடி மார்க் அபராதம்! யாரிடம் எவ்வளவு வசூலிப்பது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. ஏப்ரலில் அவர்களே கையெழுத்திட்டுக் கொடுத்த பட்டியல் இருந்தது. அதில் 20 விழுக்காடு, பிறகு 25.

‘ஏன் முன்பே கிளம்பவில்லை?’ என்று கேட்பவர்களுக்கு: கணிசமான சொத்துள்ளவர் கிளம்பினால் அதில் கால் பங்கு வரி. மிச்சப் பணம் முடக்கக் கணக்கில் கிடக்கும். அதை வெளிநாட்டு நாணயமாக மாற்றினால் கடைசிக் கட்டத்தில் நூற்றுக்கு நான்குதான் கைக்கு வந்தது. 1938 ஜூலையில் பிரான்சின் எவியன் நகரில் 32 நாடுகள் அகதிகளைப் பற்றிக் கூடிப் பேசின. அனேகமாக யாரும் கதவைத் திறக்கவில்லை.

* * *

மேலே உள்ள வரிசை சரி. ஆனால் சின்டி, ரோமா மக்களின் (‘ஜிப்சிகள்’ என்று அழைக்கப்பட்டவர்கள்) கதையை 1933-இல் தொடங்கினால் தவறாகிவிடும். அவர்களுக்கான பதிவேட்டை மியூனிக் காவல்துறை 1899-இலேயே திறந்துவிட்டது. 1926-இல் பவேரியா அவர்களுக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றியது. அப்போது ஜெர்மனி ஒரு ஜனநாயகக் குடியரசு. நாஜிகள் கையில் எடுத்தது ஏற்கெனவே நிரம்பியிருந்த ஒரு கோப்பறையை.

1936 ஜூலை 16, ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு வாரம் முன்பு, பெர்லினில் சுமார் 600 பேரைப் பிடித்து மார்சானில் கழிவுநீர் வயலை ஒட்டி அடைத்தார்கள். அதே ஆண்டு மனநல மருத்துவர் ராபர்ட் ரிட்டரின் இன ஆய்வு மையம் தொடங்கியது. அவருடைய உதவியாளர் ஏவா யுஸ்டின் ரோமானி மொழி பேசுவார். அதனால் மக்கள் அவரிடம் உறவுமுறைகளைச் சொன்னார்கள். தலையை அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வம்சாவளி வரைந்தார்கள். கிட்டத்தட்ட 24,000 பேர் மீது அறிக்கை எழுதப்பட்டது.

கணக்கைக் கவனியுங்கள். யூதருக்கு அளவுகோல் தாத்தா பாட்டி நால்வரில் மூவர். ரோமாவுக்கோ எள்ளுத்தாத்தா எள்ளுப்பாட்டி வரை போனார்கள்; அந்தப் பதினாறு பேரில் இருவர் ரோமா என்றாலே ‘கலப்பினம்’ என்ற முத்திரை. 1939 அக்டோபர் 17 ஆணை இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்றது. ஆளை எங்கே போய்ப் பிடிப்பது என்ற கேள்வி அன்றோடு தீர்ந்தது.

* * *

யூதர், ரோமா என்ற இரண்டு வரிசைகளும் ஒரே இடத்தில் சேர்கின்றன: லோட்ஸ் கெட்டோ (ஜெர்மனி பிடித்த போலந்து நகரில் யூதர்களை அடைத்து வைத்த பகுதி), 1941 இலையுதிர் காலம். அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரை ஜெர்மனி, ஆஸ்திரியா, பிராக், லக்சம்பர்க்கிலிருந்து ஏறத்தாழ 20,000 யூதர்கள் ரயிலில் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். நவம்பர் 5 முதல் 9 வரை ஆஸ்திரியாவிலிருந்து 5,007 ரோமா. அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். கம்பி வேலிக்குள் சில கட்டடங்கள், சில வாரங்களிலேயே டைபஸ் காய்ச்சல், நூற்றுக்கணக்கில் சாவு. மீதிப் பேரை 1942 ஜனவரியில் ஹெல்ம்னோ கொலை முகாமுக்குக் கொண்டுபோய் நச்சுவாயு வண்டிகளில் கொன்றார்கள். அந்த 5,007 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

இதற்கிடையே 1941 நவம்பர் 25-இல் வந்த ஆணை: எல்லையைத் தாண்டிய யூதரின் குடியுரிமை தானாகவே ரத்து, சொத்து அரசுக்கு. ரயில் ஏற்றி எல்லை தாண்ட வைத்ததே அந்த அரசுதான்.

* * *

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1942 டிசம்பர் 16-இல் நாஜிக் காவல்துறைத் தலைவர் ஹிம்லர் இட்ட ஆணைக்குப் பிறகு சுமார் 23,000 சின்டி, ரோமா மக்கள் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு, அங்கே அவர்களை அடைத்திருந்த பகுதியில் எஞ்சியிருந்த 4,000-க்கும் மேற்பட்டவர்களை நச்சுவாயுவில் கொன்றார்கள். ஆனாலும் 1956-இல் மேற்கு ஜெர்மன் உச்ச நீதிமன்றம், 1943-க்கு முன் அவர்களுக்கு நேர்ந்தது இன ஒடுக்குமுறை ஆகாது, வெறும் காவல்துறை நடவடிக்கை என்றது. 1940-இல் போலந்துக்குக் கடத்தப்பட்டவர்களுக்கு அந்த ஒரு வரியால் இழப்பீடு மறுக்கப்பட்டது. 1963-இல்தான் நீதிமன்றம் நிலையை மாற்றியது.

ரிட்டரும் யுஸ்டினும் போருக்குப் பின் ஃபிராங்க்ஃபர்ட் நகரச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தார்கள். அவர்கள் மைய ஆவணங்களில் ஒரு பகுதி டூபிங்கன் பல்கலைக்கழகக் காப்பகத்தில் கிடந்தது. 1981 செப்டம்பர் 1 அன்று சின்டி மக்கள் உள்ளே போய் உட்கார்ந்து போராடினார்கள். கோப்புகள் கோப்லென்ஸில் இருந்த கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டன.