கவுண்ட் ஒன்னுன்னா மொதல் காலமாம் (column), கேட்டியளா

கொக்கிரகுளம்_டிபிஏ
டேட்டாபேஸ் டேபிள்ல எத்தன ரோ (வரிசை) இருக்குன்னு எண்ணுத COUNT(*), COUNT(1) பத்தி நேத்து பேட்டைக்காரரு ஒரு டிப்ஸ் போட்டிருந்தாரு, "கவுண்ட் ஸ்டார் போடாதீங்க, அது எல்லா காலத்தையும் படிக்கும், கவுண்ட் ஒன் போட்டா மொதல் காலத்த மட்டும் எண்ணும், குவரி (டேட்டாபேஸ்ட்ட கேக்குத கேள்வி) பறக்கும்"னு. அதுக்கு கைதட்டல் வேற. எனக்கு ராத்திரி தூக்கமே வரல வே. டேட்டாவ எடுக்குத செலக்ட் ஸ்டார்லதான் ஸ்டார்னா எல்லா காலமும். கவுண்ட்டுக்குள்ள இருக்க ஸ்டாரு ரோவ எண்ணுன்னு சொல்லுதது, அவ்வளவுதான், எந்த காலத்தையும் அது சீண்டாது. படிச்சுப் பாக்காம எழுதுதது, அத நாலு பேரு ஷேர் பண்ணுதது, என்ன எளவோ.

பேட்டை_டெவலப்பர்
வந்துட்டாவ அண்ணாச்சி. நான் ஒண்ணும் கோட்டிக்காரன் இல்ல. கல்லிடைக்குறிச்சில ஒரு அப்பளக்கடை பில்லிங் பாக்கேன், பில் டேபிள்ல எட்டு லட்சம் ரோ இருக்கு, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், பழைய ஹார்டு டிஸ்க் மெசின். கவுண்ட் ஸ்டார் போட்டேன் 11 செகண்டு. உடனே கவுண்ட் ஒன் போட்டேன் 1.5 செகண்டு. கண்ணால பாத்தத நம்பவா, நீங்க சொல்லுதத நம்பவா? வரிசப்படுத்துத ஆர்டர் பை ஒண்ணுன்னா மொதல் காலந்தான? இங்கன மட்டும் அது வேற ஒண்ணா?

கொக்கிரகுளம்_டிபிஏ
"உடனே"ன்னு எழுதிருக்கீரு பாரும், அங்கனதான் மாட்டிக்கிட்டீரு. மொத குவரி டிஸ்க்ல இருந்து அள்ளிட்டு வந்துச்சு, அதான் 11 செகண்டு. ரெண்டாவது ஓடும்போது எல்லாம் பஃபர் பூல்ல, அதாவது மெமரில, ஏற்கனவே கெடக்கு. தாமிரபரணில மார்கழி காலைல மொத முங்கு போட்டா வெடவெடங்கும், ரெண்டாவது முங்குக்கு ஒண்ணும் தெரியாது, அதுக்காவ ரெண்டாவது முங்கு வேற ஆத்துல போட்டதுன்னு சொல்லுவீரா?

அப்புறம் மொதல் காலம்னீரே. உம்ம பில் டேபிள்ல மொத்தம் எத்தன காலம், ஏழா எட்டா? கவுண்ட் 99 போட்டுப் பாரும். 99ஆவது காலம் இல்லன்னு எரர் வரணும்லா? வராது. அதே எட்டு லட்சந்தான் வரும். ஏன்னா அந்த ஒண்ணு வெறும் நம்பரு, ஒவ்வொரு ரோவுக்கும் அது நல் (NULL, மதிப்பே இல்லாத வெத்திடம்) இல்ல, அதனால எண்ணிக்கிடும். ஆர்டர் பை ஒண்ணு வேற கத, அது செலக்ட்ல எழுதுன மொதல் அயிட்டம்.

அம்பை_அக்கவுண்ட்ஸ்
அண்ணாச்சி, குறுக்க வாரேன்னு கோவப்படாதிய. எனக்கு வேல நிக்கு. கஸ்டமர் டேபிளையும் பில் டேபிளையும் லெஃப்ட் ஜாயின் பண்ணி சேத்து, ஆளுக்கு எத்தன பில்லுன்னு குரூப் பை போட்டேன். ஒண்ணுமே வாங்காத ஆளுக்கும் 1ன்னு வருது. எங்க மொதலாளி ரிப்போர்ட்ட கையில வச்சிக்கிட்டு "இந்த மனுசன் கட ஏறி வந்து ஒரு வருசம் ஆச்சே, இவருக்கு எவன் பில் போட்டான்"னு சத்தம் போடுதாரு.

கொக்கிரகுளம்_டிபிஏ
லெஃப்ட் ஜாயின்ல பில் இல்லாத ஆளுக்கும் ஒரு ரோ வரும் தாயி, பில் பக்கம் பூரா நல்லோட. கவுண்ட் ஸ்டார் அந்த ரோவையும் எண்ணிரும். பில் நம்பர் காலத்த உள்ள போட்டு எண்ணு, நல் உள்ள ரோவ விட்டுரும், 0 வரும். கவுண்ட் ஒன் போட்டாலும் அந்த 1தான் வரும், ஏன்னா ஸ்டாரும் ஒன்னும் ஒண்ணு. பேட்டைக்காரரு இத வாசிக்காரா?

பேட்டை_டெவலப்பர்
வாசிக்கேன் வாசிக்கேன். போன மாசம் சந்தா கட்டாதவங்க லிஸ்ட்டு எடுக்கேன்னு நாட் இன் (உள் குவரி லிஸ்ட்ல இல்லாதவங்க) போட்டு, ஒரு ரோ கூட வராம முழிச்சது யாரு? உள் குவரில ஒரே ஒரு நல் கெடந்துச்சு, அதோட ஒப்பிட்டா உண்மையும் இல்ல பொய்யும் இல்லன்னு போயிரும், நாட் எக்சிஸ்ட்ஸ் போடுங்கன்னு நான்தான சொன்னேன்? மறுநாள் அதையே தன் சொந்த டிப்ஸா போட்டிய. ஒரு தேங்ஸ் உண்டா? இன்னைக்கு எனக்கு நல் பாடம் எடுக்காவ.

ஜங்ஷன்_பையன்
அண்ணே, மொதல்ல இந்த குவரி எழுதுத மொழி பேரு எஸ்க்யூஎல் இல்ல, சீக்வல். எங்க டீம்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க.

கொக்கிரகுளம்_டிபிஏ
நீ வேற ஏம்ல. 1974ல ஐபிஎம் ஆளுங்க, சேம்பர்லினும் பாய்ஸும், சீக்வல்னுதான் பேரு வச்சாங்க. அந்தப் பேரு இங்கிலாந்து விமானக் கம்பெனி ஒண்ணுக்கு டிரேட்மார்க்கா இருந்ததால எஸ்க்யூஎல்னு சுருக்கிட்டாங்க. கம்பெனியே மாத்துன பேர நீ இன்னும் புடிச்சுத் தொங்குத.

பேட்டைக்காரரே, அந்த நாட் இன் எனக்கே தெரியும், அன்னைக்கு அவசரம், அத விடும். இப்ப உள்ளதுக்கு வாரும். மைஎஸ்க்யூஎல் மேனுவல்லயே இன்னோடிபில (டேபிள சேத்து வைக்குத எஞ்சின்) கவுண்ட் ஸ்டாருக்கும் கவுண்ட் ஒன்னுக்கும் வேகத்துல வித்தியாசம் இல்லன்னு எழுதிருக்கு, ஆரக்கிள் டேட்டாபேஸ் கவுண்ட் ஒன்ன உள்ளுக்குள்ள ஸ்டாரா மாத்திக்கிடும், பழைய மைஐசாம் எஞ்சின்ல மொத்த எண்ணிக்கைய டேபிளே எழுதி வச்சிருக்கும் அதனால கேட்ட ஒடனே சொல்லிரும், மைஎஸ்க்யூஎல் 5.5ல இருந்து இன்னோடிபிதான் டீஃபால்ட்டு, அதுல ஒவ்வொரு டிரான்சாக்சனுக்கும் கண்ணுக்குத் தெரியுத ரோ வேற வேற அதனால ஒரு இண்டெக்ஸ்ஸ (தேடுததுக்கு உள்ள அட்டவணை) முழுசா நடந்து எண்ணித்தான் ஆவணும், நீரு ஸ்டார் போட்டாலும் ஒன் போட்டாலும் நட ஒண்ணுதான். நல்ல சின்ன இண்டெக்ஸ் ஒண்ணு இருந்தா அதப் புடிச்சு எண்ணும், வேகம் வேணும்னா அதப் பாரும். பில் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியணும்னா எண்ணவே வேண்டாம், எக்சிஸ்ட்ஸ் போதும்.

பேட்டை_டெவலப்பர்
மேனுவல் எழுதுனவன் எங்க கடைக்கு வந்து பாத்தானா? இப்ப மாத்திப் போட்டேன் அண்ணாச்சி, நீங்க கேக்கும் முன்னாடியே. மொதல்ல கவுண்ட் ஒன், 1.4. அடுத்து ஸ்டார், 1.6. பாத்தியளா?

கொக்கிரகுளம்_டிபிஏ
எல்லாம் மெமரில கெடக்கும்போது போட்டா அப்படித்தான் வரும், நூறு தடவ போடும், நூறும் வேற வேற நம்பரு வரும். சர்வர ரீஸ்டார்ட் பண்ணீரா?

பேட்டை_டெவலப்பர்
பில் போடுத நேரத்துல எவன் ரீஸ்டார்ட் பண்ணுவான்? மொதலாளி என்னிய அப்பளக் கட்டையால அடிப்பாரு.

ஜங்ஷன்_பையன்
மைஎஸ்க்யூஎல் 5.7ல இருந்து ரீஸ்டார்ட் பண்ணாலும் பஃபர் பூல்ல இருந்ததுல கால்வாசிய குறிச்சு வச்சு திரும்ப ஏத்திக்கிடுமேண்ணே, அப்ப அந்த டெஸ்ட்டும் செல்லாதுல்லா?

கொக்கிரகுளம்_டிபிஏ
சீக்வல்காரரு வந்துட்டாரு. அந்த செட்டிங்க ஆஃப் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணணும்ல, எல்லாத்தையும் நானே சொல்லணுமா?

அம்பை_அக்கவுண்ட்ஸ்
அண்ணாச்சி, 0 வந்துட்டு, நன்றி. ஆனா பில் அயிட்டம் டேபிளையும் சேத்து ஜாயின் பண்ணேன், இப்ப ரெண்டு பில் உள்ளவருக்கு 6ன்னு காட்டுது. கூட ஏதும் போடணுமா?

பேட்டை_டெவலப்பர்
கவுண்ட் ஒன் போட்டுப் பாருங்கக்கா.

கொக்கிரகுளம்_டிபிஏ
ஏ வே!! 1.4க்கும் 1.6க்கும் நடுவுல உள்ள 0.2 செகண்ட வச்சிக்கிட்டு ஊர ஏமாத்துதீரு பாரும். மொதல்ல கவுண்ட் 99 போட்டீரா இல்லையா, அதுக்குப் பதில் சொல்லும்.

பேட்டை_டெவலப்பர்
போட்டேன். எட்டு லட்சந்தான் வந்துச்சு. ஆனா 1.7 செகண்டு ஆச்சு. ஒன்னுதான் வேகம்.

அம்பை_அக்கவுண்ட்ஸ்
அண்ணாச்சி, 6?