தாத்தாவின் 1892 வின்செஸ்டர், 44-40: ரேஞ்சில் சுடலாமா, பீரோவிலேயே வைக்கலாமா?

அல்சூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தவறிய பிறகு வீட்டிலிருந்த ரைபிளை டீலரிடம் ஒப்படைத்துவிட்டு, லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற அலைந்துகொண்டிருந்தேன். ஒருவழியாக வேலை முடிந்து இப்போது துப்பாக்கி வீடு திரும்பிவிட்டது. அம்மாவுக்கு இஷ்டமில்லை. எனக்கு அதைப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை.

தாத்தா கேஜிஎஃப்பில், சாம்பியன் ரீஃப் பக்கம் ஸ்டோர் கிளார்க். சுரங்கத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் விற்றிருக்கிறார். அதில் ஒரு தேக்கு பீரோவும் இந்தத் துப்பாக்கியும் எங்கள் வீட்டுக்கு வந்தன. பீரோவை அத்தை கொண்டுபோய்விட்டார்.

வின்செஸ்டர், மாடல் 1892. குழல் மேல் '44 டபிள்யூ.சி.எஃப்.' என்று வெட்டியிருக்கிறது, அதாவது 44-40 தோட்டா. கொஞ்சம் தள்ளிப் பொடி எழுத்தில் 'நாட் இங்கிலீஷ் மேக்'. லீவர் சுத்தமாக இறங்கி ஏறுகிறது. குழலுக்குள் டார்ச் அடித்தால் வரிப்பள்ளம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் நடுநடுவே அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். கூடவே ஒரு அட்டைப்பெட்டியில் பழைய தோட்டாக்கள், பாதிக்கு மேல் பச்சை பூத்தவை. லைசென்ஸில் அதையும் காட்டியிருக்கிறேன்.

எனக்கு வேட்டை ஆசை எல்லாம் கிடையாது. 50 மீட்டரில் காகித டார்கெட்டில் எப்போதாவது சுட்டால் போதும். இந்தப் பழைய தோட்டாவைப் போடலாமா? அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா கட்டிக்கொள்கிறார்களே, நாமும் செய்யலாமா? 'நூறு வருஷத்துப் பழசுக்கு லைசென்ஸே வேண்டாம், நீ எதற்கு அலைந்தாய்?' என்று ஆபீஸில் ஒருவர் சிரிக்கிறார். அதுவும் உண்மையா?

பீனிக்ஸ்_ரிட்டர்ன்:

கொடுத்து வைத்தவர் நீங்கள். நான் அரிசோனாவில் இருந்த காலத்தில் இதே 44-40-ஐத்தான் வார இறுதியில் சுடுவேன். கவ்பாய் ஷூட்டிங் என்று அங்கே ஒரு விளையாட்டு. 1987-இல் தொடங்கிய சங்கம் ஒன்று அதை நடத்துகிறது. ஆளுக்கொரு புனைப்பெயர், பழங்காலத் தொப்பி, இரும்புத் தகட்டு டார்கெட், ஈயக்குண்டு மட்டும்தான் அனுமதி. என் புனைப்பெயரைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். விடுங்கள்.

முதலில் துப்பாக்கியைப் பற்றி. 1892 என்பது ஜான் பிரவுனிங் போட்ட டிசைன். பெரிய தோட்டாக்களுக்காக அவர் செய்த 1886 மாடலைச் சுருக்கியது. லீவரை ஏற்றும்போது, தோட்டாவுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும் போல்ட்டின் இரண்டு பக்கமும் இரண்டு எஃகுக் கட்டைகள் செங்குத்தாக எழும்பிப் பூட்டிக்கொள்ளும். நல்ல உறுதி. இதற்கு முன்னால் வந்த 1873 மாடலில் முழங்கால் மடிவது போன்ற இணைப்புதான் தாங்கவேண்டும், அது அவ்வளவு உறுதி இல்லை. அதனால்தான் வின்செஸ்டரே பிறகு வேகத் தோட்டா ஒன்று கொண்டுவந்தபோது, 1873-இல் போடாதே என்று பெட்டி மேலேயே அச்சடித்தது. இரண்டுமே 44-40 என்பதால் வந்த வினை. உங்கள் பெட்டியில் 'டபிள்யூ.எச்.வி.' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது அந்த வேகத் தோட்டா.

'நாட் இங்கிலீஷ் மேக்' நல்ல சேதி. வெளிநாட்டுத் துப்பாக்கியை இங்கிலாந்து வழியாக விற்கும்போது லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ சோதனைச் சுடல் முடித்து முத்திரை குத்துவார்கள். இந்த வாசகம் 1925 விதிகளில் வந்தது. அதனால் உங்கள் ரைபிள் அதற்குப் பிறகு அங்கே சோதனையைத் தாண்டியிருக்கிறது. எப்போது செய்தது என்று அது சொல்லாது. அதற்கு வரிசை எண் வேண்டும். வயோமிங்கில் கோடி என்ற ஊரில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பழைய வின்செஸ்டர் பேரேடுகள் இருக்கின்றன. பணம் கட்டினால் பேரேட்டில் உள்ளதைக் கடிதமாகத் தருவார்கள்.

அந்தப் பச்சை பூத்த தோட்டாக்களைச் சுடாதீர்கள். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் இருக்கிறதே, பழைய கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் குழலில் உப்பு தங்கி ஈரத்தை இழுக்கும், அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் துரு. உங்கள் குழலில் புள்ளி விழுந்ததும் அநேகமாக இப்படித்தான். சிலவற்றில் பாதரசமும் உண்டு, அது பித்தளையையே நொறுங்கவைத்துவிடும். அந்தக் காலத்துப் பித்தளைக் கூடுகளின் அடிப்பாகமும் இன்றைய கூடுகளைப் போலக் கெட்டி கிடையாது. பெட்டியோடு பத்திரமாக வையுங்கள். சேகரிப்பாளர்கள் தோட்டாவை விடப் பெட்டிக்குத்தான் ஏங்குவார்கள்.

தோட்டா கட்டும் விஷயம். இங்கே செய்யலாமா என்பதை வேறு யாராவது சட்டம் தெரிந்தவர் சொல்லட்டும். அங்கே நான் செய்தது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தோட்டாவின் குணமே அதில்தான் தெரியும்.

44-40 என்ற பெயரில் 40 என்பது 40 கிரெயின் கரிமருந்து. கிரெயின் என்பது மருந்தையும் குண்டையும் நிறுக்கும் எடை அளவு. 1873-இல் அப்படித்தான் வந்தது, மேலே 200 கிரெயின் ஈயக்குண்டு. இன்றைய கூட்டின் அடிப்பாகம் கனமாக இருப்பதால் அந்த 40 முழுதாகக் கொள்ளாது. கரிமருந்தில் ஒரே ஒரு கட்டாயம்: குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காற்று இருக்கக்கூடாது, இருந்தால் குழல் உப்பும். கூடு நிறைய மருந்து இருந்து லேசாக அமுங்கவேண்டும். மருந்தே குண்டைத் தாங்கிக்கொள்வதால் பழைய குண்டுகளில் கவ்விப் பிடிக்கிற பள்ளம்கூட இருக்காது.

புகையில்லா மருந்துக்கு மாறினால் கதையே வேறு. கூட்டில் பாதிகூட நிறையாது. அப்போது இரண்டு ஆபத்து. ஒன்று, தெரியாமல் இரண்டு தடவை மருந்து போட்டாலும் கூட்டுக்குள் இடம் இருக்கும், வெளியே தெரியாது. அடுத்தது, குழலுக்குக் கீழே உள்ள குழாய் மேகஸினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். முன்னாலிருக்கும் ஸ்பிரிங் தள்ளும் தள்ளில் குண்டு கூட்டுக்குள்ளே இறங்கிவிடும், அழுத்தம் எகிறும். அதனால் வாயை இறுக்கிக் கவ்வியே ஆகவேண்டும். ஆனால் 44-40 கூட்டின் வாய் ரொம்ப மெல்லிசு. குண்டைக் கூட்டுக்குள் அழுத்தும் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கும்போது குண்டு அரை நூல் கோணினாலும் வாய் அப்படியே சுருங்கி மடங்கும். கைப்பிடியில் அந்த 'கொழகொழ' தெரிந்ததுமே கூட்டைக் குப்பையில் போடவேண்டியதுதான். நான் அங்கே சேர்ந்த கிளப்பில் பாதிப் பேர் இதற்குப் பயந்தே 45 கோல்ட் என்ற வேறு தோட்டாவுக்கு மாறிவிட்டார்கள்.

ஆனால் அதே மெல்லிய வாய்தான் இதன் வரமும். சுட்டதும் வாய் விரிந்து, தோட்டா உட்காரும் சேம்பரோடு ஒட்டிக்கொள்வதால் புகைக்கரி பின்னால் வராது. கரிமருந்து போட்டுச் சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிரித்தால், குழல் கருப்பாக இருக்கும், ஆக்‌ஷன் சுத்தமாக இருக்கும். 45 கோல்ட் காரர்கள் அப்போது மூக்கைச் சொறிந்துகொண்டு எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

குண்டு தட்டை மூக்காகத்தான் இருக்கவேண்டும். கூர் மூக்கு என்றால் மேகஸினில் முன்னால் உள்ள தோட்டாவின் கேப்பில் போய் முட்டும். கேப்பும் கூட்டின் அடியோடு சமமாக உள்ளே அமர்ந்திருக்கவேண்டும். இதெல்லாம் 1892-க்கு மட்டும் இல்லை, குழாய் மேகஸின் உள்ள எதற்கும் பொருந்தும்.

இன்னொன்று. உங்கள் துப்பாக்கியில் தனி சேஃப்டி கிடையாது. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தும் படி ஒன்று உண்டு, அவ்வளவுதான். காலிக் கூடு மேல்பக்கமாக எகிறி வரும். சிலசமயம் தொப்பியின் விளிம்பில் வந்து உட்காரும். சட்டைக் காலருக்குள் போனால் ஆடுவீர்கள். கண்ணாடி கட்டாயம்.

இன்பன்ட்ரி_ரோடு:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். உங்கள் ஆபீஸ் நண்பர் சொல்வது தவறு. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 45-இல் பழம்பொருளுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அது பொருந்தும். உங்களுடையது லீவர் ஏறி இறங்கும் துப்பாக்கி. லைசென்ஸ் வேண்டும். அமெரிக்காவில் 1898 வரை செய்தவை ஆண்டிக் என்று தனிக் கணக்கு உண்டு. யூடியூப் பார்த்துவிட்டு அதை இங்கே கொண்டுவந்து குழப்புகிறார்கள்.

நீங்கள் முதலில் டீலரிடம் ஒப்படைத்ததும் சரியான முறை. லைசென்ஸ்தாரர் இறந்தால் போலீஸ் ஸ்டேஷனிலோ டீலரிடமோ வைக்கச் சொல்வது பிரிவு 21. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைக்கலாம், வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில்தான். லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு. புதுப்பிக்கும் தேதியை இப்போதே போனில் குறித்து வையுங்கள்.

தோட்டா கட்டுவது: பிரிவு 5-இன்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். உங்கள் கையில் இருப்பது வைத்திருக்கும் லைசென்ஸ். வெடிமருந்துக்கோ தனிச் சட்டம். அல்சூர் வீட்டுச் சமையலறையில் பிரஸ் மாட்டும் யோசனை இருந்தால் இப்போதே விடுங்கள். மெதுவாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஜெயில் விஷயம்.

ராபர்ட்சன்பேட்டை:

தம்பி, சாம்பியன் ரீஃப் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சுரங்கம் 2001-இல் மூடியபோது நானும் அங்கிருந்து பெங்களூருக்கு வந்தவன்தான். வெள்ளைக்காரர் பங்களா சாமான்கள் கைமாறிய கதைகள் ராபர்ட்சன்பேட்டையில் வீட்டுக்கு ஒன்று கிடைக்கும். பியானோ வாங்கி அதில் பாத்திரம் அடுக்கியவர்கள் உண்டு.

துப்பாக்கியைச் சுடும் ஆசை இருந்தால் குடகுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். கைல்பொல்து பண்டிகையில் ஆயுதத்துக்குப் பூஜை போட்டுவிட்டு, உயரத்தில் தேங்காய் கட்டி அதைச் சுடுவார்கள். வயசான அம்மாக்கள்கூட சேலையோடு நின்று அடிப்பதைப் பார்க்கவேண்டும். குடகர்களுக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு, 2029 வரை நீட்டியிருக்கிறார்கள். நமக்குக் கிடையாது. அதனால் பார்த்துவிட்டு வாருங்கள், உங்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

அல்சூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பிரஸ் ஆசையை விட்டுவிட்டேன், அம்மாவுக்கும் நிம்மதி. பெட்டியைப் பார்த்தேன், 'டபிள்யூ.எச்.வி.' இல்லை. ஆனால் அப்படியானால் தோட்டாவுக்கு நான் எங்கே போவது? டீலரைக் கேட்டால் .315 வேண்டுமா, 12 போர் வேண்டுமா என்கிறார். 44-40 என்றதும் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்த மாதிரி ஒரு மௌனம். ரேஞ்சிலும் கேட்டேன். ஏர் ரைபிள், .22 என்றால் வா என்கிறார்கள்.

பீனிக்ஸ்_ரிட்டர்ன்:

டீலரைக் குறை சொல்லாதீர்கள். நம் ஆயுதத் தொழிற்சாலைகள் 44-40 செய்வதில்லை. எங்கேயாவது ஒரு பழைய டீலரின் அலமாரியில் கிடக்கலாம், அல்லது முறையான இறக்குமதி அனுமதியோடு வரவேண்டும். சென்னை, ஹைதராபாத் டீலர்களையும் எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டால் யாரும் தேடமாட்டார்கள். கிடைத்தால் 'கவ்பாய் லோட்' என்று விற்கிற மெதுவான ஈயக்குண்டுத் தோட்டாதான் வேண்டும் என்று சொல்லுங்கள். அழுத்தம் குறைவு, தோளுக்கும் இதம், பழைய எஃகுக்கும் இதம். செப்பு உறை போட்ட வேகச் சரக்கைக் காட்டினால் வாங்காதீர்கள்.

ரேஞ்ச் காரர்கள் தயங்குவதும் நியாயம்தான். .22-க்காகக் கட்டிய மண்மேடும் தகடும் 200 கிரெயின் ஈயத்தைத் தாங்குமா என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். போட்டிகளிலும் லீவர் ரைபிளுக்கென்று பிரிவு கிடையாது. அதனால் செக்ரெட்டரியை நேரில் பாருங்கள். துப்பாக்கி இல்லாமல், போட்டோவும் லைசென்ஸ் நகலும் மட்டும் எடுத்துப் போங்கள். பெரிய போர் சுட இடமிருந்தால் ஓரமாக ஒரு லேன் தருவார்கள். புகை வராத தோட்டா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கரிமருந்து என்றால் பக்கத்து லேன்காரர் அழுகிய முட்டை நாற்றத்தில் சண்டைக்கு வருவார்.

அதற்குள் ஒரு லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் இரண்டு வேலை செய்துவாருங்கள். போல்ட் மூடியதும் தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு மெத்தென்ற ஈய உருண்டையைக் குழலுக்குள் மெதுவாகத் தள்ளி மறுபக்கம் எடுத்து மைக்ரோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். கணக்குப்படி .427 அங்குலம் வரவேண்டும். பழைய வின்செஸ்டர்களில் .429-உம் அதற்கு மேலும் பார்த்திருக்கிறேன். குழல் பெரிதாக இருந்து குண்டு சின்னதாக இருந்தால் ஈயம் வரிப்பள்ளத்தைப் பிடிக்காது, 50 மீட்டரில் டார்கெட் காகிதத்தில் எங்கே விழும் என்று சொல்லமுடியாது. அந்த எண் தெரியாமல் தோட்டா ஆர்டர் போடாதீர்கள். வந்ததும் இங்கே எழுதுங்கள், எந்தக் குண்டு என்று பார்த்துச் சொல்கிறேன்.