அத்தை ஆனையூர் முகாமுக்குப் போகலாமா?

அத்தை: எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளில் இரண்டு பேர் ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறார்கள், பத்தாம் வகுப்பு. கணக்கில் தடுமாறும் பிள்ளைகள் அங்கே இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களாம். ஞாயிறு சாயங்காலம் நானே அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நேரே போகலாமா? அண்ணே, நீங்கள் ரெவின்யூவில் இருந்தவர், சொல்லுங்கள்.

அக்கா திருமங்கலம்: நல்ல காரியம் அத்தை. முதல் நாள் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.

பெரியப்பா: போட்டோ வேண்டாம்மா. அந்தப் பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் இன்னும் இலங்கையில் இருக்கிறார்கள். யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

பெரியப்பா: தங்கச்சி, சொல்லாமல் போய் நிற்காதே. முதலில் முகாம் தலைவரிடம் பேசு. அவர் வழியாகத் தாசில்தார் அலுவலகத்தில் ஒரு மனு கொடு. கியூ பிராஞ்ச், அதாவது தமிழ்நாட்டு உளவுப் பிரிவு போலீஸும் விசாரிப்பார்கள், பயப்படாதே. நீ அனுமதியில்லாமல் போனால் உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள். நீ கிளம்பிய பிறகு அந்தக் குடும்பத்தைத்தான் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

அத்தை: பாடம் சொல்லிக்கொடுக்கவுமா இவ்வளவு?

தம்பி ஜெர்மனி: அத்தை, இங்கேயும் வாசலில் சோதனை உண்டு. புகலிடம் கேட்டு வருபவர்களைத் தங்கவைக்கும் மையத்துக்கு மொழிபெயர்க்கப் போவேன். காவலர் அடையாள அட்டையைப் பார்த்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டுத்தான் விடுவார். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் ஒன்று எழுதியிருக்கிறது. குடும்பத்தார், வக்கீல், ஐ.நா. அகதிகள் ஆணையம், தொண்டு அமைப்பு இவர்களெல்லாம் உள்ளே வந்து உதவ வழி இருக்க வேண்டும். அந்த இடத்துக்கும் அங்கே தங்கியிருப்பவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்றால் மட்டும் கட்டுப்பாடு போடலாம்.

தம்பி ஜெர்மனி: அந்தக் காவலும் வேண்டியதுதான். 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரத்தில் இப்படி ஒரு மையத்தைக் குறிவைத்துக் கூட்டம் நாள்கணக்கில் கல்லெறிந்தது. பக்கத்தில் வியட்நாம் தொழிலாளர்கள் குடியிருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். போலீஸ் விலகிப் போயிருந்தது. உள்ளே இருந்தவர்கள் கூரை வழியாகத் தப்பினார்கள்.

பெரியப்பா: அங்கே வெளியாள் கல்லெறிவான் என்று காவல். நம் ஊரில் உள்ளே இருப்பவர்கள் மேல்தான் சந்தேகம். 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு வந்த கெடுபிடி அப்படி. தொண்டு நிறுவனங்கள்கூட முகாமுக்குள் போகத் தடை வந்தது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அதனால் அகதிக்கு உரிமை என்று அதைக் காட்டிக் கேட்க முடியாது, பெரும்பாலும் அதிகாரியின் உத்தரவுதான்.

அக்கா திருமங்கலம்: எங்கள் பக்கத்து உச்சப்பட்டி முகாமில் 2016 மார்ச்சில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? முகாமில் எல்லோரும் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் எடுக்கும் ஆள் கணக்கெடுப்பில் ஒருவரின் மகன் இல்லை என்று தகராறு. அந்தப் பையனின் அப்பா மின்கம்பத்தில் ஏறி உயிரை விட்டார். அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

பெரியப்பா: எப்படி மறப்பேன். வேறொரு முகாமில் நானும் அந்தக் கணக்கெடுப்பு நோட்டைப் பிடித்து நின்றவன். கூலி வேலைக்கு வெளியூர் போனவர், பஸ் கிடைக்காமல் கால் மணி நேரம் பிந்தி ஓடி வந்தார். நான் ஆப்சென்ட் போட்டேன். முகாம் குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை அந்த மாதம் அவர் வீட்டுக்கு வரவில்லை. மேலே கேள்வி வரும் என்று பயந்துதான் போட்டேன். அவர் வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் மனதைக் குடைகிறது.

அத்தை: அண்ணே...

அக்கா திருமங்கலம்: இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறதே பெரியப்பா. 2021இல் அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று பேர் மாற்றினார்கள், புது வீடு கட்ட ஆரம்பித்தார்கள்.

பெரியப்பா: ஆமாம், பணக்கொடையும் ஏறியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆக்கினார்கள். ஆனால் கணக்கெடுப்பு நிற்கவில்லை.

அத்தை: சரி, அப்படியென்றால் மனு கொடுக்கிறேன். அனுமதி வரும்வரை பிள்ளைகளை என் வீட்டுக்கே வரச் சொல்லலாமா?

பெரியப்பா: தாராளமாக. பகலில் வெளியே வரத் தடையில்லை. கணக்கெடுப்பு நாளில் மட்டும் வகுப்பு வைக்காதே, தேதியை முகாம் தலைவரிடம் கேட்டுக்கொள். சாயங்காலம் இருட்டும் முன் அனுப்பிவிடு. மனுவை நான் எழுதித் தருகிறேன், நாளைக் காலை வருகிறேன்.

அத்தை: வாங்கண்ணே, இட்லி வைக்கிறேன். தம்பி, பத்தாம் வகுப்புப் பழைய வினாத்தாள் உன்னிடம் பிடிஎஃப் இருந்தால் அனுப்பு.

தம்பி ஜெர்மனி: தேடி அனுப்புகிறேன் அத்தை. பத்துப் பேருக்கு பிரிண்ட் எடுக்கும் செலவு என்னுடையது.