மறுமொழி: கிளட்ச் 'பிளீடிங்'குக்கு தமிழ்ல என்ன?

அண்ணே வணக்கம்,

கிளட்ச் ஆயில் லைன்ல மாட்டுன காத்த வெளிய எடுக்கற 'பிளீடிங்'குக்கு 'குருதிநீக்கம்' வேணாம்ணே, படிக்கிறவன் ஸ்டான்லி ஆஸ்பத்திரி சமாச்சாரம்னு நெனச்சிப்பான். 'வளியகற்றல்' தப்பில்ல, ஆனா எங்க வண்ணாரப்பேட்டை ஷெட்ல அத சொன்னா ஒருத்தனும் ஸ்பேனர தொடமாட்டான்.

போன வாரம் ஒரு எம்ஜிபி வந்துது, இங்கிலாந்துல 1962லேர்ந்து 1980 வரைக்கும் செஞ்சாங்களே அந்த ரெண்டு சீட்டு வண்டி. பெடல மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போவுது, மிதிச்சிக்கினே நாலஞ்சு செகண்டு காத்திருந்து ரிவர்ஸ் போட்டாலும் கர்ர்ருங்குது. ஆயில் அமுங்காது, காத்து அமுங்கும், லைன்ல குமிழி இருந்தா கால் குடுக்கற அழுத்தத்த அதுவே தின்னுடும், அப்பறம் கீழ கிளட்ச்ச தள்ளி விடுவிக்கற ஸ்லேவ் சிலிண்டர் எங்க தள்றது?

பையன் சீட்டுல, நான் வண்டிக்கு அடியில. ஸ்லேவ் சிலிண்டர்ல காத்து வெளிய வர்ற தொறப்பு, அதான் நிப்பிள், அதுல டியூப்ப மாட்டி அடுத்த முனைய பாட்டில் ஆயிலுக்குள்ள முக்கி வெச்சாச்சு. "மிதி... புடி"ன்னதும் நிப்பிள லூஸ் பண்ணா நொரநொரையா வருது, டைட் பண்ணிட்டு "விடு". இப்படியே அரமணி நேரம் கத்திக்கினு இருந்தோம். நடுவுல மேல இருக்கற ஆயில் டப்பாவ பையன் பாக்காம உட்டுட்டான், ஆயில் கொறஞ்சி மறுபடி காத்த இழுத்துக்கிச்சு, மொதல்லேர்ந்து வேலை. கடைசில பெரிய சிரிஞ்ச வெச்சி கீழேர்ந்து மேல ஆயில ஏத்துனேன், குமிழி தானா மேல போற ஜாதிதானே, கூடவே கெளம்பிடுச்சு. பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு.

நாங்க இத 'ஏர் எடுக்கறது'ன்றோம். அப்படியே 'காற்றெடுப்பு'ன்னு வெக்கலாமேன்னா, டயர்ல காத்த புடுங்குறதும் அதுதான்னு ஆயிடும். அதனால 'காற்று வடித்தல்'. சோறு வடிச்சா கஞ்சி போவுது சோறு நிக்குது, இங்க காத்து போவுது ஆயில் நிக்குது. ரத்தமும் வடியத்தான் செய்யுது, வெள்ளக்காரன் வெச்ச பேரும் கெடல. நிப்பிளுக்கு 'வடிகாம்பு'.

---

தம்பி,

வடிகாம்பு பிரமாதம், எடுத்துக்கிட்டேன். ஆனா வடியறதுன்னா கீழ்நோக்கித்தானே? நீங்களே சிரிஞ்சால மேல ஏத்துனேன்னு எழுதியிருக்கீங்க, அது எப்படி வடித்தல் ஆகும்?

---

அண்ணே, நல்லா மடக்குனீங்க, ராத்திரி பூரா யோசிச்சேன். காலைல ஷெட்ல பேட்டரிக்கு தண்ணி ஊத்தும்போதுதான் பட்டுது: காய்ச்சி வடிச்ச தண்ணி! அதுல ஆவி மேலதானே போவுது, அப்பறம்தானே சொட்டுது? வேண்டியத ஒருபக்கம் வேண்டாதத ஒருபக்கம் பிரிச்சா அது வடிக்கறதுதான், தெச எதுவா இருந்தா என்ன. இல்ல, கீழேர்ந்து ஏத்தறதுக்கு தனிப்பேரு வேணும்னு நின்னீங்கன்னா எனக்கு 'எதிர்வடிப்பு' வரைக்கும்தான் எட்டுது, அதுக்கு மேல நீங்கதான் பாக்கணும்.