ஒன்பது உலர்திராட்சைகள்

எங்கள் நாய் மிட்டுவின் எடை 4 கிலோ. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

கேக்கில் உள்ள உலர்திராட்சை என் மகளுக்கு ஆகாது. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவாள். அன்று நான் எழுந்துபோய்த் திரும்புவதற்குள் ஓரம் துடைத்ததுபோல் இருந்தது. “மிட்டுவுக்குக் கொடுத்துவிட்டேன். பழம்தானே அப்பா!” என்றாள். பழம்தான். ஆனால் திராட்சை, காய்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தையே முடக்கிவிடக்கூடும். கை நிறையத் தின்றும் ஒன்றும் ஆகாத நாய்கள் உண்டு, நான்கைந்திலேயே படுத்துவிட்ட நாய்களும் உண்டு. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்ற கருத்தே 2021இல்தான் வந்தது. ‘இத்தனை வரை பரவாயில்லை’ என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

மருத்துவமனையில் மிட்டு எல்லோரிடமும் வாலாட்டிக்கொண்டிருந்தது. வீணாகப் பதறிவிட்டோமோ என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. “வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் ஏதும் புகட்டினீர்களா?” என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. நல்லவேளை, இல்லை. அந்த உப்பே நாய்க்கு நஞ்சாகிவிடுமாம். ஊசி போட்ட சில நிமிடங்களில் வாந்தி வந்தது. கையுறை விரலால் கிளறி எண்ணினார்: ஒன்பது. ஊறி உப்பி, ஒன்றில்கூடப் பல் படாமல் முழுசாக இருந்தன. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் உயரவில்லை, பிழைத்தது.

கிளம்பும்போது, “தினமும் ஒரு வேகவைத்த முட்டை கொடுக்கிறோம்” என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். அவர் கணக்குப் போட்டார். இந்த எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 கலோரி போதும், முட்டை ஒன்றே 75. தின்பண்டம் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாதாம். முட்டை நல்லதுதான், நான் கொடுத்த அளவுதான் தப்பு.

*

மிட்டுவின் கதையைப் படித்தேன். எங்கள் வீட்டு நாய்க்கு வினையானது வெங்காயம். மாமியார் சூப்பிலிருந்த வெங்காயத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, சூப்பை மட்டும் சோற்றில் பிசைந்து ஒரு வாரம் ஊட்டியிருக்கிறார். பாசம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெந்தாலும் பொடியானாலும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதுவும் உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெள்ளைத்தாள்போல இருந்தது. சிறுநீர் கட்டன்காப்பி நிறம்.

*

இந்தப் பட்டியலில் சர்க்கரை இல்லாத சூயிங்கம்மையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அரைமணி நேரத்திலேயே நாயின் ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். என் கைப்பையில் இருந்தது இரண்டே துண்டு. எங்கள் நாய் போதை ஏறியதுபோல் தள்ளாடியதைப் பார்த்த பிறகு அந்தப் பை அலமாரிக்கு வெளியே இருந்ததே இல்லை. சில வேர்க்கடலை வெண்ணெயிலும் அது உண்டு, லேபிளைப் படியுங்கள்.

*

இதையெல்லாம் படித்தால் எதையுமே கொடுக்கப் பயமாக இருக்கிறது! எங்கள் நாய்க்குப் பதினொரு வருடமாக நான் கொடுப்பதைச் சொல்கிறேன். தோலும் எலும்பும் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழி, வெந்த பூசணி, விதை எடுத்த ஆப்பிள், தர்பூசணி. எல்லாமே சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான். கேரட்டை மட்டும் வட்டமாக நறுக்காதீர்கள். ஒருமுறை அப்படி ஒரு வில்லை தொண்டையில் சிக்கி, என் கை நடுங்கியது இன்னும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் தீக்குச்சிபோலச் சீவித்தான் கொடுக்கிறேன். பீன்ஸும் நல்லதுதான், எங்களுடையதற்குத்தான் பிடிக்காது. மரியாதைக்கு வாயில் வாங்கிக்கொண்டு போய், என் செருப்புக்குள் போட்டுவிட்டு வந்துவிடும்.