ஓய்வுக்குப் பிறகு குடியேற: கடலூரா, புதுச்சேரியா?

நெய்வேலி_60

வணக்கம். வருகிற மே மாதத்தோடு எனக்குப் பணி முடிகிறது. 33 வருடம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டோம், இனி காலி செய்ய வேண்டும். கடலோரமாகப் போய் இருக்கலாம் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். எந்த ஊர் என்பதில்தான் சிக்கல். பையன் புதுச்சேரி என்கிறான். எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற நண்பர் கடலூர் என்கிறார். இரண்டு ஊருக்கும் நடுவில் 25 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் பேசும்போது வேறு வேறு நாடு மாதிரி பேசுகிறார்கள்.

எனக்கு முட்டிவலி இல்லை, தினமும் சைக்கிள் மிதிக்கிறேன். மனைவிக்கு லேசாகச் சர்க்கரை. கோயில், கடல், பூங்கா எல்லாம் நாலு நாளில் பார்த்துவிடலாம். ஐந்தாவது நாள் காலையில் எழுந்து எங்கே போவது? டிவி முன்னால் உட்கார்ந்தே ஒடுங்கிப்போன இரண்டு பேரைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். அப்படி ஆகக் கூடாது.

முத்தியால்பேட்டை

சார், யோசிக்கவே வேண்டாம், புதுச்சேரி. உங்கள் பையன் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாவது நாள் காலை என்று கேட்டீர்களே, சொல்கிறேன். பீச் ரோட்டில் மாலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விட மாட்டார்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் சமதளம். பின்னால் ஹாரன் அடிக்க ஆள் இல்லை. காந்தி சிலை, 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், கடல்காற்று. எனக்கு 68 வயது, மழை நாள் தவிர ஒரு நாளும் விட்டதில்லை. நடந்து முடித்து அப்படியே 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குப் போனால் வெயில் ஏறும் வரை மர நிழலில் இருக்கலாம். படிக்கிற ஆள் என்றால் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827லிருந்து இருக்கிறது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வீடு, பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட். 60 வயதுக்கு மேல் பிரெஞ்சு கற்றுக்கொண்ட தமிழர்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும்.

கடலூரில் என்ன இருக்கிறது? சில்வர் பீச். அப்புறம்?

கெடிலக்கரை

அப்புறம் என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன் அண்ணே.

நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி பார்க்கிற இடம். சார் கேட்டது செய்கிற வேலை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது எனக்கு. முதல் வருடம் நானும் பார்க்கிற இடமெல்லாம் பார்த்தேன். திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயில், எதிரே ஔஷதகிரியில் 74 படி ஏறி ஹயக்ரீவர், கீழே வடக்கு நோக்கித் திரும்பி ஓடும் கெடிலம். பாடலீசுவரர் கோயில். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பம். எல்லாம் மனசுக்கு நல்லதுதான். ஆனால் என்னைக் காலையில் எழுப்பியது அது எதுவும் இல்லை.

எழுப்பியது ஆமை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட ஏறும். வனத்துறையோடு சேர்ந்து தன்னார்வலர்கள் ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு மணலில் நடப்பார்கள். அதில் நான் ஒரு ஆள். தண்ணீர் ஓரத்திலிருந்து மேலே போகும் தடம் டிராக்டர் சக்கரம் பதிந்த மாதிரி இருக்கும், ஒரு முழத்துக்கும் அதிக அகலம். தடம் திரும்புகிற இடத்தில் மெல்லிய குச்சியால் மணலைத் தொட்டுப் பார்ப்போம். இறுகிய மணல் கையைத் தடுக்கும், குழி இருக்கிற இடம் சட்டென்று விட்டுக்கொடுக்கும். அப்புறம் கைதான். முழங்கை வரை உள்ளே போனால் வழவழவென்று, கொஞ்சம் சூடாக, பிங்பாங் பந்து அளவில் முட்டை தட்டுப்படும். ஒரு குழியில் நூறு முட்டை போல இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணி வாளியில் வைத்து, உருளாமல் தூக்கிக்கொண்டு போய், பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்கு, பானை மாதிரி அடி அகலமாகக் குழி தோண்டி வைக்க வேண்டும். நாயும் நரியும் தின்னாமல் காப்பாற்றத்தான் இத்தனையும். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் பொரிக்கும். முதல் தடவை என் கையால் புதைத்த குழியிலிருந்து குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு வந்த சாயங்காலம் வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைத் தனியாக யாரும் செய்யக் கூடாது. வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர். அனுமதி பெற்ற குழுவோடுதான் போக வேண்டும்.

முத்தியால்பேட்டை

தம்பி, படிக்கவே நன்றாக இருந்தது, மனசாரச் சொல்கிறேன். ஆனால் மூன்று மாதம். ஜூலையில் என்ன செய்வீர்கள்? அதோடு ராத்திரி இரண்டு மணிக்கு ஈர மணலில் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்க எல்லோருக்கும் முடியுமா? சாருக்கு இன்று முட்டிவலி இல்லை. 70இல்?

வீட்டை மாற்றுவது ஒரு தடவைதான். 60 வயது உடம்பை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், 75 வயது உடம்பை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஜிப்மர் எங்களுக்குக் கால் மணி நேரம். கடலூரிலிருந்து வர ஒரு மணி நேரம், சனி ஞாயிறு என்றால் அரியாங்குப்பத்துக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிடும். நெஞ்சுவலிக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

கெடிலக்கரை

எங்கள் ஊரிலும் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, மாவட்டத் தலைநகரம் இது. மேல்சிகிச்சைக்கு ஜிப்மர் வர வேண்டியிருக்கும், அதை மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் கடற்கரை என்று சொல்வது பாறாங்கல் கொட்டிய சுவர். துறைமுகம் கட்டி, வடக்கே போகிற மணல் ஓட்டத்தை அது மறித்த பிறகு, உங்கள் ஊர்க் கடற்கரை அரித்துப் போனது. பேரனோடு மணலில் உட்கார வேண்டுமென்றால் புதுச்சேரிக்காரர்களே சில்வர் பீச் இருக்கிற எங்கள் தேவனாம்பட்டினம் வருகிறார்கள்.

ஜூலையில் என்ன என்று கேட்டீர்கள். பாலூர். அங்கே காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பி.எல்.ஆர். கத்திரி அங்கே உருவான ரகம்தான். ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்கி வந்து வீட்டுப் பின்பக்கம் போட்டிருக்கிறேன். கடலூரில் இன்னும் மண் உள்ள வீடு வாடகைக்குக் கிடைக்கும். புதுச்சேரியில் அதே வாடகைக்கு இரண்டாவது மாடியில் பால்கனிதான்.

முத்தியால்பேட்டை

அரிப்பு உண்மை. ஆனால் அது பழைய கதை. தலைமைச் செயலகம் பக்கத்தில் கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு போட்ட பிறகு மணல் திரும்பவும் சேர்ந்திருக்கிறது. வந்து பாருங்கள்.

மஞ்சக்குப்பம்_டீச்சர்

இரண்டு நாளாகப் படிக்கிறேன். மூன்று பேரும் ஆண்கள், அதனால் ஒரு ஆளைப் பற்றிய பேச்சே வரவில்லை. ஐயா, உங்கள் வீட்டம்மாவைப் பற்றி "லேசாகச் சர்க்கரை" என்று இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ஐந்தாவது நாள் காலையில் எங்கே போவார்கள்?

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே வருடத்தில் ஓய்வு. அவர் ஐந்து மணிக்கு நடக்கப் போவார், டீக்கடையில் பேப்பர் படிப்பார், ஏழு மணிக்கு வருவார். நான் அந்த ஏழு மணிக்குக் காபி போட்டு வைத்திருப்பேன். அவருக்குத்தான் ஓய்வு வந்தது. எனக்கு ஸ்கூல் போய், வீடு மட்டும் மிச்சமானது. ஒரு வருடம் இப்படி ஓடிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

நான் கடலூர்க்காரி, பிறந்ததும் இங்கேதான். இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். தங்கை வீடு புதுச்சேரியில் இருக்கிறது. அங்கே போனால் விடியற்காலை நாலே முக்காலுக்குத் தனியாகக் கிளம்பிப் பீச் ரோட்டில் நடப்பேன். விளக்கு இருக்கும், என்னைப் போலப் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே நேரத்தில் சில்வர் பீச்சுக்குத் தனியாக நான் போக மாட்டேன். சர்க்கரை இருக்கிற அம்மாவுக்குத் தினமும் நடை கட்டாயம். யார் துணையும் கேட்காமல் நடக்கிற இடம் வேண்டும்.

அதற்காகக் கடலூர் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது வந்த பிறகு எனக்கு ஊரே பெரிதாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் நானே மீன் வாங்குகிறேன். படகு வந்து சேர்கிற நேரத்தில் ஏலம் விடுகிற பெண்கள் போடும் கணக்கு இருக்கிறதே, 30 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த நான் வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். கூடைக்கு ஒரு விலை, எதிர்விலை, கழிவு, பாக்கி, எல்லாம் மனக்கணக்கு. அவர்களில் ஒருவர் தன் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா வரவில்லை என்றார். இப்போது சாயங்காலம் ஒன்பது பெண்கள் என் வீட்டுத் திண்ணையில் படிக்கிறார்கள். காபி அவரே போட்டுக்கொள்கிறார்.

கெடிலக்கரை

டீச்சர், இருட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. எனக்கு அது தோன்றவே இல்லை, நான் ஆண் என்பதால்தான். ஆமை நடைக்குப் பெண்களும் வருகிறார்கள், ஆனால் குழுவாக வருவதால். தனியாக நடப்பது வேறு.

பலாமரம்_பண்ருட்டி

ஒரு வார்த்தை. எந்த ஊரானாலும் தாழ்வான இடத்தில் வீடு பார்க்காதீர்கள். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், மூன்றையும் பார்த்தவன் நான். தானே அடித்த மறுநாள் எங்கள் தோப்பில் நிமிர்ந்து நின்ற பலா ஒன்றுகூட இல்லை. வீடு பார்க்க வெயில் காலத்தில் போகாதீர்கள், கார்த்திகை மழையில் போய்த் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

முத்தியால்பேட்டை

டீச்சரம்மா எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பார்க்கிற இடத்தை மட்டும் அடுக்கிவிட்டேன், என்னைப் பிடித்து வைத்திருப்பதைச் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களை சொல்தா என்போம். அவர்கள் கொண்டுவந்த விளையாட்டு பெத்தாங். முதலில் சின்ன மரக்குண்டு ஒன்றை ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்துக்குள் எறிவார்கள். பிறகு இரும்புக் குண்டை யார் அதற்கு நெருக்கமாகப் போடுகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. 13 எடுத்தால் ஆட்டம் முடிந்தது. வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்றுதான் வீச வேண்டும், ஓட வேண்டியதே இல்லை. குண்டு சுமார் முக்கால் கிலோ இருக்கும். கையைப் பின்னால் கொண்டுபோய், உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டை விட்டால் பின்சுழற்சியோடு விழுந்து அங்கேயே நிற்கும். எனக்கு அது வர ஒரு வருடம் ஆனது. என்னோடு ஆடுகிறவருக்கு 81 வயது. எதிராளி குண்டை ஒரே வீச்சில் அடித்துத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் தன் குண்டை நிறுத்துகிறார்.

நான் சேரும்போது வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஒரு அணியில் ஆள் குறைந்தது, கூப்பிட்டார்கள். இப்போது ஒரு நாள் போகாவிட்டால் போன் வருகிறது. சார், 75 வயதுக்கு என்று நான் சொன்னது ஆஸ்பத்திரியை மட்டும் வைத்து இல்லை.

கெடிலக்கரை

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை சண்டை வந்திருக்காது அண்ணே. இருந்தாலும் நான் கடலூர்தான்.

முத்தியால்பேட்டை

நானும் புதுச்சேரிதான்.

நெய்வேலி_60

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா கேட்ட கேள்வியை வீட்டில் அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தையல் மெஷின் வைக்க வெளிச்சமான ஒரு திண்ணை வேண்டும், நடக்கப் போகும்போது யாரையும் எழுப்பக் கூடாது" என்றாள். 34 வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

இப்போதைக்கு வீடு வாங்கப் போவதில்லை. மே மாதம் புதுச்சேரியில் பீச் ரோட்டுக்கு நடக்கிற தூரத்தில் வாடகைக்கு ஒரு வீடு, கார்த்திகை மழை வரை. மழையில் இரண்டு ஊர்த் தெருவையும் பார்த்துவிட்டு, ஜனவரியில் கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் மூன்று மாதம். பிறகு அவள் சொல்கிற ஊர். பெத்தாங் ஆட வேடிக்கை பார்க்க வரலாமா, முத்தியால்பேட்டை ஐயா?

கெடிலக்கரை, ஜனவரிக்கு என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல டார்ச் ஒன்று வாங்கி வைக்கவா?

முத்தியால்பேட்டை

வாருங்கள். வெறும் கையோடு வந்தால் போதும், குண்டு இருக்கிறது.

கெடிலக்கரை

பெரிய டார்ச் வேண்டாம் சார். வெள்ளை வெளிச்சம் கண்டால் கரையேற வந்த ஆமை திரும்பிப் போய்விடும், குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து ஊர்ந்துவிடும். வீட்டில் இருக்கிற சின்ன டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக மடித்து ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவாருங்கள். செருப்பு வேண்டாம், மணல் நல்ல குளிராக இருக்கும். குழுவில் சொல்லி அனுமதி வாங்கி வைக்கிறேன்.